நிபந்தனையில்லாத வகுப்பு: யாகிமா பள்ளத்தாக்கில் அருட்சகோதரிகளும் ஆங்கிலமும்

இந்தப் பொழிவுக்கு நான் எடுத்துக்கொண்ட பொருள் மேலோட்டமாகப் பார்த்தால் சிறியது. அமெரிக்காவின் வடமேற்கில், வாஷிங்டன் மாநிலத்தின் யாகிமா பள்ளத்தாக்கில், மெக்சிகோவிலிருந்து வந்த பண்ணைத் தொழிலாளர்களுக்குக் கத்தோலிக்க அருட்சகோதரிகள் ஆங்கிலம் கற்பித்ததைப் பற்றியது அது. இத்தகைய பணிகளைப் பற்றி நம்மிடையே இரண்டு விதமான பேச்சுதான் உண்டு. ஏழைகளுக்கு மொழியைக் கொடுத்துக் கரையேற்றினார்கள் என்று பாராட்டுவது ஒன்று. மொழியின் பேரில் மதத்தையும் ஆதிக்கப் பண்பாட்டையும் புகுத்தினார்கள் என்று ஐயப்படுவது மற்றொன்று. இரண்டுமே ஒரு முக்கியமான கேள்வியைக் கேட்காமல் விட்டுவிடுகின்றன. கற்பிக்கப்படும் அந்த மொழியோடு சேர்த்து வேறு எது கட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் அந்தக் கேள்வி. வாக்குரிமை, கூலி, மருத்துவம், வேலைப் பாதுகாப்பு ஆகியவை ஒரு மொழியைக் கற்றவருக்கே கிடைக்கும் என்றால், அந்த மொழி வகுப்பு கல்விக்கூடமாக இருக்காது, சுங்கச்சாவடியாகத்தான் இருக்கும். உரிமைகள் எதுவும் அதைச் சார்ந்திராத இடத்தில்தான் மொழி ஒரு மனிதருக்கு உண்மையிலேயே உதவத் தொடங்குகிறது. யாகிமாவின் வரலாறு இந்த இரண்டு நிலைகளையும் ஒரே மண்ணில் காட்டுவதால்தான் அதைத் தேர்ந்தெடுத்தேன்.

முதலில் அந்த மண்ணைப் பற்றி. கஸ்கேட் மலைத்தொடரின் மழைமறைவில் இருக்கும் வறண்ட நிலம் அது. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மத்திய அரசு கால்வாய்கள் வெட்டி ஆற்றுநீரைத் திருப்பிய பிறகு, புதர் மண்டிக் கிடந்த தரை பழத்தோட்டமாயிற்று. இன்று அமெரிக்கா விளைவிக்கும் ஆப்பிளில் பாதிக்கு மேல் வாஷிங்டன் மாநிலத்தில் விளைகிறது. பீருக்குக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூவில் ஏறத்தாழ முக்கால் பங்கும் இந்த மாநிலத்தினுடையதே. அதில் மிகப் பெரும்பகுதி இந்தப் பள்ளத்தாக்கில் விளைவது. செர்ரி, பேரி, திராட்சை, தண்ணீர்விட்டான் இனத்தைச் சேர்ந்த அஸ்பாரகஸ், பால்பண்ணைகள் என்று பட்டியல் நீளும். ஆப்பிளோ செர்ரியோ, கையால்தான் பறித்தாக வேண்டும். இரண்டாம் உலகப் போரின்போது, 1942இல், மெக்சிகோவுடன் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் கீழ் ஆண்கள் தற்காலிகக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள். ‘பிராசெரோ’ என்ற அந்தத் திட்டம் 1964 வரை நாட்டில் நீடித்தது. அதன் பின் டெக்சாஸிலிருந்து குடும்பங்கள் வந்தன. பிறகு மிச்சோவாகான் போன்ற மெக்சிகோ மாநிலங்களிலிருந்து ஊர் ஊராக வந்தார்கள். 2020ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் யாகிமா மாவட்டத்தில் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் லத்தீன் அமெரிக்க வழிவந்தவர்கள். சன்னிசைட், டாப்பெனிஷ் போன்ற சிற்றூர்களில் அவர்களே பெரும்பான்மை. அமெரிக்கத் தொழிலாளர் துறை நடத்தும் தேசியப் பண்ணைத் தொழிலாளர் கணக்காய்வு, நாட்டளவில் பயிர்ப் பண்ணைத் தொழிலாளர்களில் பத்துக்கு மூவருக்கு ஆங்கிலம் கொஞ்சமும் பேச வராது என்று மீண்டும் மீண்டும் பதிவு செய்திருக்கிறது. இவர்களில் ஒரு பகுதியினருக்கு ஸ்பானியமே இரண்டாம் மொழி. ஒவாஹாகாவிலிருந்து வரும் மிஸ்டெக், திரிக்கி மக்கள் வீட்டில் பேசுவது தங்கள் தொல்மொழிகளைத்தான். அவர்களுக்கு ஆங்கிலம் மூன்றாம் மொழி.

இந்தப் பள்ளத்தாக்கில் ஆங்கிலம் முதலில் தடையாகத்தான் இருந்தது. ஆங்கிலம் படிக்கவும் பேசவும் தெரிந்தவரே வாக்காளராகலாம் என்று வாஷிங்டன் மாநிலம் 1896இல் தன் அரசியல் சட்டத்தில் திருத்தம் கொண்டுவந்தது. 1960களின் இறுதியில் யாகிமாவில் வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கப் போன ஸ்பானிய மொழியினர் சிலர் இந்த விதியைக் காட்டித் திருப்பி அனுப்பப்பட்டார்கள். அவர்கள் அமெரிக்கக் குடிமக்கள் என்பதைக் கவனிக்க வேண்டும். மெக்சிகன் அமெரிக்கர்களின் கூட்டமைப்பு வழக்குத் தொடர்ந்தது. 1969இல் கூட்டாட்சி நீதிமன்றம் மாநிலத்தின் விதி செல்லும் என்றது. 1970இல் நாடாளுமன்றம் எழுத்தறிவுச் சோதனைகளை நாடு முழுவதும் நிறுத்திவைத்த பிறகே, 1971இல் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நீக்கியது. இதற்கு இணையாக இன்னொரு விலக்கும் நடந்தது. தொழிற்சங்க உரிமையைப் பாதுகாக்கும் 1935ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணைத் தொழிலாளர்களை வெளியே நிறுத்தியது. குறைந்தபட்சக் கூலி, மிகைநேர ஊதியம் பற்றிய 1938ஆம் ஆண்டுச் சட்டமும் அப்படியே செய்தது. குறைந்தபட்சக் கூலியில் 1966இல் ஓரளவு சேர்க்கப்பட்டார்கள். மிகைநேர ஊதியத்தில் கூட்டாட்சிச் சட்டம் இன்றளவும் அவர்களைச் சேர்க்கவில்லை. ஆக, வாக்குக்கு ஆங்கிலம் வேண்டும் என்ற அரசு, வேலைக்கு அது வேண்டும் என்று ஒருபோதும் சொன்னதில்லை. 1986இல் ஆவணமற்றோருக்குச் சட்டபூர்வத் தகுதி வழங்கிய சட்டம் இதை இன்னும் தெளிவாகக் காட்டுகிறது. நீண்டகாலம் நாட்டில் வாழ்ந்தவர்கள் என்ற பிரிவில் விண்ணப்பித்தவர்கள் நிரந்தர வசிப்புரிமைக்கு அடிப்படை ஆங்கிலம் தெரிந்திருக்க வேண்டும், அல்லது வகுப்பில் சேர்ந்திருக்க வேண்டும். 90 நாள் வயல்வேலை செய்ததைக் காட்டி விண்ணப்பித்த பண்ணைத் தொழிலாளர்களுக்கு அந்த விதி இல்லை. இதைச் சலுகை என்று சிலர் படிக்கலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. ஆப்பிள் பறிக்கும் கைக்குப் பேச்சு தேவையில்லை என்ற பழைய எண்ணமே அதில் எனக்குத் தெரிகிறது.

இந்தப் பின்னணியில்தான் அருட்சகோதரிகளின் வரவைப் பார்க்க வேண்டும். இயேசு மரியா திருநாமங்களின் அருட்சகோதரிகள் சபை கனடாவின் கியூபெக் மாநிலத்தில் தொடங்கப்பட்டது. கிராமத்து ஏழைப் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி இல்லை என்ற கவலையில் யூலாலி துரோஷே என்ற பெண் லோங்கே ஊரில் 1843இல் அதைத் தொடங்கினார். 1859இல் அந்தச் சபையின் பன்னிரண்டு பேர் கப்பலேறி, பனாமா வழியாக ஒரிகன் வந்து போர்ட்லாண்டில் பள்ளி திறந்தார்கள். பிரெஞ்சு பேசும் மண்ணிலிருந்து வந்தவர்கள் அவர்கள். ஆங்கிலம் பேசும் ஊரில் அந்நியர்களாக நின்றே கற்பிக்கத் தொடங்கினார்கள். அடுத்த நூறாண்டில் அவர்களும் மற்றச் சபையினரும் நடத்தியவை பெரும்பாலும் நகரத்துப் பள்ளிகள். பண்ணையூர்களை நோக்கி அவர்களைத் திருப்பியவை 1960களின் இரண்டு நிகழ்வுகள். அமெரிக்கத் துறவற சபைகள் தங்கள் ஆட்களில் பத்தில் ஒரு பங்கை லத்தீன் அமெரிக்காவுக்கு அனுப்ப வேண்டும் என்று 1961இல் வத்திக்கான் கேட்டுக்கொண்டது. போனவர்கள் ஸ்பானிய மொழியோடும், நிலமற்ற உழவர்களின் வாழ்வைக் கண்ட அனுபவத்தோடும் திரும்பினார்கள். இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட ஆணை, ஒவ்வொரு சபையும் தன்னை நிறுவியவரின் முதல் நோக்கத்துக்குத் திரும்பிச் சென்று தன்னைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும் என்றது. பெரிய கட்டடங்களை விட்டுச் சிறு வீடுகளில் குடியேறிய சகோதரிகளின் தலைமுறை இப்படித்தான் உருவாயிற்று. 1973 கோடையில் கலிபோர்னியாவின் பிரெஸ்னோ மாவட்டத்தில் திராட்சைத் தோட்ட வேலைநிறுத்தத்தை ஆதரித்து, கத்தோலிக்கச் சமூகப் போராளி டோரத்தி டேயுடன் சேர்ந்து சிறை சென்றவர்களிலும் கன்னியர் பலர் இருந்தார்கள்.

யாகிமாவில் திருநாமங்கள் சபையினரின் பணி இரண்டு நிலைகளில் வளர்ந்தது. யாகாமா பழங்குடியினரின் நிலத்தில், டாப்பெனிஷ் ஊரில், 1982இல் ஹெரிட்டேஜ் கல்லூரி தொடங்கப்பட்டது. இரண்டு யாகாமா பெண்கள் கேட்டுக்கொண்டதால் பிறந்தது அது. அதன் முதல் தலைவர் சகோதரி கேத்லீன் ராஸ். பண்ணைத் தொழிலாளர்களின் பிள்ளைகளும் பழங்குடி இளைஞர்களும் வீட்டிலிருந்தே வந்து பட்டம் பெறும் கல்லூரி. அதைப் பற்றி நிறைய எழுதப்பட்டிருக்கிறது. ராஸுக்கு 1997இல் மெக்கார்த்தர் நல்கையும் கிடைத்தது. நான் இங்கே அழுத்திச் சொல்ல விரும்புவது இரண்டாம் நிலையை: பட்டமே தராத வகுப்புகள். சன்னிசைடில் 2003இல் இச்சபைச் சகோதரி ஒருவரின் முயற்சியால் உருவான ‘நுயெஸ்த்ரா காசா’ போன்ற இடங்களில், புலம்பெயர்ந்த பெண்கள் ஆங்கிலமும், குடியுரிமைத் தேர்வுக்கு வேண்டியதும் கற்றார்கள். இத்தகைய வகுப்புகளுக்கு வருவோர் பலர் சொந்த ஊரில் தொடக்கப் பள்ளியோடு படிப்பை நிறுத்தியவர்கள்.

இவ்வகை வகுப்பின் தன்மை அந்த வட்டாரத்தின் வேளாண் நாட்காட்டியைப் பார்த்தால்தான் புரியும். ஏப்ரல் முதல் ஜூன் வரை அஸ்பாரகஸ். விடியும் முன்னே வயலில் இருக்க வேண்டும். ஜூனிலும் ஜூலையிலும் செர்ரி. பகல் வெப்பம் பழத்தைக் கெடுக்கும் என்பதால் அதிகாலைப் பறிப்பு. ஆகஸ்ட் கடைசியில் ஹாப்ஸ். அது முடிவதற்குள் ஆப்பிள் தொடங்கி அக்டோபரைத் தாண்டும். பனிக்காலத்தில் கிளை கழித்தல். வேலை குறைந்த பனிக்காலத்தில் வகுப்பு நிறையும், அறுவடையில் காலியாகும். ஒரு பருவம் காணாமல் போன பெண் அடுத்த பருவம் வந்து விட்ட இடத்திலிருந்து தொடங்குவார். பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை என்றால் தாயால் வர முடியாது. ஆகவே பிள்ளைகளுக்கு இடம் ஒதுக்குவதும் பாடத்தின் ஒரு பகுதி. கற்பிக்கப்படும் ஆங்கிலமும் அந்த வாழ்க்கையிலிருந்தே வர வேண்டியிருக்கிறது. பூச்சிமருந்து தெளித்த தோட்டத்துக்குள் எத்தனை மணி நேரம் கழித்து நுழையலாம் என்பது டப்பாவின் மேலுள்ள சீட்டில் அச்சாகியிருக்கும். மிகக் கொடிய மருந்துகளில் அபாய எச்சரிக்கைச் சொல் ஸ்பானியத்திலும் இருந்தது; ஆனால் நுழையத் தடைசெய்த நேரம், முதலுதவி, கையுறை பற்றிய விவரங்கள் நெடுங்காலம் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கலாம் என்று சட்டம் அனுமதித்தது. இந்தச் சீட்டுகளில் ஸ்பானிய மொழிபெயர்ப்பைக் கட்டாயமாக்கும் சட்டம் 2022 டிசம்பரில்தான் வந்தது. 2025 முதல் 2030 வரை படிப்படியாக நடைமுறைக்கு வருகிறது. அத்தனை ஆண்டுகள் அந்தச் சீட்டைப் படிக்கத் தெரிவது உயிரோடு சம்பந்தப்பட்ட அறிவாக இருந்தது. கூலிச் சீட்டில் உள்ள மணிநேரத்தைச் சரிபார்ப்பதும், பள்ளியிலிருந்து வரும் கடிதத்தைப் பிள்ளையின் உதவியின்றிப் படிப்பதும், மருத்துவரிடம் வலி எங்கே என்று சொல்வதும் இதே வரிசையில் வருபவை.

இங்கே ஒரு கடுமையான மறுப்பு எழுகிறது. அதைத் தவிர்த்துவிட்டு என் வாதத்தை நகர்த்த எனக்கு உரிமையில்லை. கன்னியர் ஆங்கிலம் கற்பித்த வரலாற்றில் பழங்குடிக் குழந்தைகளின் விடுதிப் பள்ளிகளும் உண்டு. குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தலைமுடி வெட்டி, தாய்மொழி பேசினால் தண்டித்த பள்ளிகள் அவை. அமெரிக்க உள்துறை அமைச்சகம் 2022 மே மாதம் வெளியிட்ட அறிக்கை, கூட்டாட்சி ஆதரவு பெற்ற அத்தகைய 408 பள்ளிகளை அடையாளம் கண்டது. பலவற்றைக் கிறித்தவ அமைப்புகள் நடத்தின. யாகாமா மக்களின் நிலத்திலேயே, சிம்கோ கோட்டையில், அப்படியொரு விடுதிப் பள்ளி மெதடிஸ்ட் போதகர் ஒருவரின் ஆளுகையில் நடந்தது. இதே பள்ளத்தாக்கில் மீண்டும் துறவியர் ஆங்கிலம் கற்பிப்பதை ஐயத்தோடு பார்ப்பவரைக் குறை சொல்ல முடியாது. ‘அவர்கள் நல்லவர்கள், இவர்கள் அப்படியல்லர்’ என்று சொல்வது பதிலாகாது. விடுதிப் பள்ளிகளை நடத்தியவர்களிலும் தாங்கள் நன்மையே செய்வதாக நம்பியவர்கள் இருந்தார்கள். பதில் அமைப்பில் இருக்க வேண்டும். விடுதிப் பள்ளிக்குக் குழந்தைகள் கொண்டுசெல்லப்பட்டார்கள். இந்த வகுப்புக்குப் பெரியவர்கள் தாமே வருகிறார்கள், வேண்டாமென்றால் போய்விடுகிறார்கள். அங்கே ஆங்கிலம் தாய்மொழியை அகற்றும் கருவி. இங்கே கற்பிப்பவரே மாணவரின் ஸ்பானியத்தைக் கற்றுக்கொண்டு வந்திருக்கிறார். வருபவர் வெளியேற முடிவதும், வெளியேறினாலும் எதையும் இழக்காமலிருப்பதும் உறுதியாக இருந்தால்தான் இந்த வேறுபாடு நிலைக்கும். வகுப்பு யார் கையில் இருந்தாலும் இந்த அளவுகோலால் அதை அளக்க வேண்டும். துறவற உடைக்கு இதில் விலக்கு கிடையாது. வருவோரில் பெரும்பாலோர் ஏற்கெனவே கத்தோலிக்கர் என்பதால் மதமாற்றம் பற்றிய அச்சம் இங்கே பெரிதாகப் பொருந்தாது. என்றாலும் சுவிசேஷ சபையினரும் எச்சபையும் சாராதவரும் அதே பெஞ்சில் உட்கார முடிய வேண்டும் என்பதே விதி.

இரண்டாவது மறுப்பு இடதுசாரி நண்பர்களிடமிருந்து வருவது, அதில் உண்மையும் அதிகம். தொழிலாளியின் துன்பத்துக்குக் காரணம் மொழியின்மை அல்ல, அதிகாரமின்மை; ஆங்கிலம் கற்றுக் கொடுப்பது நோயை விட்டு வேறெங்கோ மருந்து தடவுவது என்கிறார்கள். சான்று யாகிமாவிலேயே இருக்கிறது. பூச்சிமருந்து கையாள்வோரின் இரத்தத்தைச் சோதிக்கும் விதி வேண்டும் என்று தொழிலாளர்கள் தொடுத்த வழக்கில் 2002இல் மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. 2004இல் சோதனை தொடங்கியது. அவுட்லுக் என்ற சிற்றூரின் பால்பண்ணையில் மாடு கறந்த தொழிலாளர்கள் மிகைநேர ஊதியம் கேட்டுப் போட்ட வழக்கில், 2020 நவம்பரில் அதே நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் பால்பண்ணைத் தொழிலாளர்களை விலக்கிய சட்டப் பிரிவு செல்லாது என்றது. அதன் தொடர்ச்சியாக 2021இல் மாநிலச் சட்டமன்றம் எல்லாப் பண்ணைத் தொழிலாளர்களுக்கும் மிகைநேர ஊதியத்தை விரிவாக்கியது. 2024 முதல் வாரத்துக்கு 40 மணி நேரத்துக்கு மேல் உழைத்தால் ஒன்றரை மடங்கு கூலி. இவற்றை வெல்ல எந்தத் தொழிலாளியும் முதலில் ஆங்கிலத் தேர்வு எழுதவில்லை. இதை நான் முழுமையாக ஒப்புக்கொள்கிறேன். என் வாதமும் இதுதான்: உரிமைக்கு ஆங்கிலம் முன்நிபந்தனை ஆகக் கூடாது. அப்படியானால் வகுப்பு எதற்கு என்று கேட்டால், கிடைத்த உரிமையை அன்றாடம் கையில் வைத்திருக்க என்று சொல்வேன். வழக்கறிஞர் வழக்கு நாளில் வருவார். கூலிச் சீட்டு வாரந்தோறும் வருகிறது.

மேலாளர்கள் ஸ்பானியம் கற்றுக்கொண்டால் போதாதா என்றும் கேட்கலாம். யாகிமா தோட்டங்களில் மேஸ்திரிகள் பலர் ஸ்பானியம் பேசுபவர்களே. இதற்கு விடை தேடும்போது தமிழர் வரலாற்றில் ஒரு பக்கத்தைப் புரட்டலாம். இலங்கையின் தேயிலைத் தோட்டத் துரைமார் தமிழ் கற்றார்கள்; ‘கூலித் தமிழ்’ என்ற பெயரிலேயே அவர்களுக்கான பாடநூல் 1915இல் வெளிவந்தது. ஆள்பவன் தொழிலாளியின் மொழியைத் தன் வேலைக்காகக் கற்கும்போது கட்டளை தெளிவாகிறது. தொழிலாளியின் குரல் மேலே போவதில்லை. நடுவில் நின்ற கங்காணியின் அதிகாரமும் அதனால் குறையவில்லை. யாகிமாவில் மேஸ்திரிக்கு மேலேயுள்ள அலுவலகம், மருத்துவமனை, நீதிமன்றம், பள்ளி நிர்வாகம் எல்லாமே ஆங்கிலத்தில் இயங்குபவை. மேஸ்திரியைத் தாண்டி அங்கே போய்ப் பேச முடிவதுதான் தொழிலாளிக்கு வேண்டியது.

மூன்றாவது மறுப்பு நிர்வாகிகளுடையது. மூன்றிலும் பலவீனமானது, ஆனால் நடைமுறையில் மிகுந்த வலிமை கொண்டது. நிபந்தனையில்லாமல், தேர்வில்லாமல், வந்தவர் வந்தபோது படிக்கும் வகுப்பால் என்ன விளைவு என்று கேட்கிறார்கள். அமெரிக்காவில் பெரியோர் கல்விக்கு மத்திய அரசு நிதி தரும் 2014ஆம் ஆண்டுச் சட்டம், கற்றல் முன்னேற்றத்தோடு வகுப்பை விட்டவருக்குக் கிடைத்த வேலை, சம்பளம் ஆகியவற்றையும் அளவுகளாக வைக்கிறது. முதலில் ஒரு சோதனை, குறிப்பிட்ட மணிநேரப் பாடத்துக்குப் பின் மறுசோதனை. செர்ரி பழுத்தவுடன் வகுப்பை விட்டுப் போகும் பெண் இந்தக் கணக்கில் தோல்வி. பத்தாண்டாகச் செய்த அதே தோட்டவேலையைத் தொடர்ந்து செய்பவரும் தோல்வி. அவர் இப்போது மருந்துச் சீட்டைப் படிக்கிறார் என்பதற்குக் கணக்கில் இடமில்லை. அளவுகள் இப்படி இருந்தால், நிதி பெறும் நிறுவனம் எளிதில் தேறக்கூடியவர்களைத் தேடிப் போகும். மிகவும் தேவைப்படுகிறவர் வெளியே நிற்பார். சகோதரிகளின் வகுப்புகள் இந்த வலையில் சிக்காததற்குக் காரணம் அவர்களின் வறுமை வார்த்தைப்பாடும் நன்கொடைகளும்தான். ஆசிரியருக்குச் சம்பளமில்லை என்பதால் விளைவுக் கணக்குக் கொடுக்க வேண்டிய கட்டாயமுமில்லை. எச்2ஏ என்ற பருவகால விசாவில் வருவோர் கூட்டமும் பெருகிவிட்டது. 2023 நிதியாண்டில் நாட்டளவில் ஏறத்தாழ 3,78,000 பணியிடங்களுக்கு அனுமதி கொடுக்கப்பட்டது. ஒரே முதலாளியிடம் கட்டுண்டு, அவர் தரும் குடியிருப்பில் தங்கி, பருவம் முடிந்ததும் நாடு திரும்ப வேண்டிய இவர்களை எந்த விளைவு அட்டவணையும் மாணவராக எண்ணப் போவதில்லை.

இப்போது அந்த வறுமை வார்த்தைப்பாட்டை நம்பியிருக்க முடியாத நிலை வந்துவிட்டது. அமெரிக்காவில் 1965இல் ஏறத்தாழ 1,80,000 அருட்சகோதரிகள் இருந்தார்கள். இன்று 40,000க்கும் குறைவு, அவர்களில் பெரும்பாலோர் முதியவர்கள். பொதுச் சமூகம் ஏற்க வேண்டிய ஒரு கடமையை அரை நூற்றாண்டாகச் சம்பளமில்லாத பெண்களின் தோளில் ஏற்றிவைத்திருந்தோம் என்பதை இந்த எண்ணிக்கை வெளிக்காட்டுகிறது. அதே நேரத்தில் ஆங்கிலம் மீண்டும் நிபந்தனையாக மாறும் அறிகுறிகள் தென்படுகின்றன. ஆங்கிலத்தை நாட்டின் அதிகாரப்பூர்வ மொழியாக அறிவித்த 2025 மார்ச் ஆணை, ஆங்கிலம் அதிகம் தெரியாதவர்களுக்கும் அரசுச் சேவைகள் எட்ட வேண்டும் என்று 2000ஆம் ஆண்டு பிறப்பிக்கப்பட்ட ஆணையை நீக்கிவிட்டது. மொழிபெயர்ப்பாளரை அகற்றிவிட்டு ஆங்கிலம் கற்கச் சொல்வது, 1960களின் இறுதியில் வாக்காளர் பதிவில் நடந்ததைத்தான் மருத்துவமனையிலும் அலுவலகத்திலும் நடத்துவதாகும். ஆங்கிலம் கற்க மக்களுக்கு விருப்பமில்லை என்று சொல்பவர்கள், பன்னிரண்டு மணிநேர வேலைக்குப் பின்னும் பெஞ்சில் வந்து உட்கார்ந்த பெண்களை ஒருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆகவே என் கோரிக்கை இதுதான். ஊதியம் பெறும் ஆசிரியர்களைக் கொண்டு, அறுவடைக்கு ஏற்ப வளைந்துகொடுக்கும் வகுப்புகளை அரசும் அறக்கட்டளைகளும் பண்ணையூர்களிலும் தொழிலாளர் முகாம்களிலும் நடத்த வேண்டும். வருகையைக் கணக்கில் எடுக்கட்டும்; வேலை மாறியதா, சம்பளம் உயர்ந்ததா என்று கேட்க வேண்டாம். மொழிபெயர்ப்பாளர் பணியிடம் ஒன்றைக்கூட அந்த வகுப்பைக் காட்டி நீக்கக் கூடாது. நம் நாட்டிலும் வெளிமாநிலத் தொழிலாளர்களுக்கு மொழி கற்பிக்க முன்வருவோர், அந்த மொழியோடு எந்த உரிமையையும் கட்டிவைக்காமல் தொடங்குங்கள் என்று இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறேன்.